மாமனார் தோளுக்கு ஒரு பலாக்கட்டை

போன வாரம் என் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோன கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் வீட்டுக்காரி பவுனு, "ரசம் தீர்ந்ததையெல்லாம் ஊருக்குச் சொல்றீங்க, எங்கப்பா துப்பாக்கிய ஒடிச்சத மட்டும் மறைச்சு வெச்சிருக்கீங்களே" என்றாள்.

மறைக்கவில்லை. தைரியம் வருவதற்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

பீரோக் கண்ணாடி

மாமனார் வீட்டுப் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நான் நிற்கிறேன். புது வேட்டி, புதுச் சட்டை, வாயில் வெற்றிலை. தோளில் மாமனாரின் நாட்டுத் துப்பாக்கி.

கண்ணாடிக்குள் தெரிந்தவனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குரும்பலூரில் கதவும் ஜன்னலும் இழைக்கிற ஆள் மாதிரியே அவன் இல்லை.

"எப்படி இருக்கேன்?" என்றேன்.

"பன்னி பாத்தா பயப்படாது. சிரிக்கும்" என்றாள் பவுனு.

அவளுக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவளை இன்னும் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமே என்று, துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, பட்டாளத்துக்காரன் போல விறைப்பாக ஒரு திருப்பம் திரும்பினேன்.

துப்பாக்கியின் பின்பக்கத்து மரக்கட்டை போய் நிலைக்காலில் இடித்தது. டக். அவ்வளவுதான் சத்தம். ஒரு கொத்தவரங்காயை ஒடித்தால் வருமே, அந்த அளவுதான்.

குழல் என் கையில் இருந்தது. கட்டை தரையில் கிடந்தது.

பவுனுவின் சிரிப்பு நிற்கவில்லை. அதுதான் கொடுமை. கண்ணில் பயம் வந்துவிட்டது, வாய் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

நான் ஏன் அங்கே இருந்தேன்

ரேடியோப் பெட்டிக்கே லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த காலம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆடி பிறந்ததும் வழக்கப்படி பவுனுவை அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆடி முழுக்கப் புதுப்பெண் தாய் வீட்டில்தான். மாப்பிள்ளை ஒரு நாள் விருந்துக்கு வரலாம். கறியும் சோறும் சாப்பிட்டு, எடுத்துக் கொடுத்த துணியைக் கட்டிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் ஒழுங்காக ஊர் திரும்பிவிட வேண்டும். ராத்தங்கல் கிடையாது.

அந்த ஒரு நாளுக்காக நான் எண்ணிக்கொண்டிருந்த நாட்களை இங்கே எழுதினால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கும்.

ஜெயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் போகிற பாதையில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே பவுனுவின் ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் நாலு பேர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார்கள்.

"என்ன மாப்ள, பலகாரமா?"

"இல்லீங்க. உளி."

அன்றிலிருந்து அந்த ஊரில் எனக்கு 'உளிப்பை மாப்ள' என்று பெயர். விருந்துக்கு யாராவது உளியும் இழைப்புளியும் எடுத்துக்கொண்டு போவார்களா என்றால், நான் போவேன். வீட்டில் வைத்துவிட்டு வந்தால் திருட்டுப் போய்விடும் என்று பயம். பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தால் பக்கத்து வீடு எரிந்துவிடும் என்று பயம்.

பிறவியிலேயே அப்படி. எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு, மை கசிந்துவிடுமே என்று பயந்து மூன்று பேனா வாங்கிக்கொண்டு போனேன். மூன்றும் கசிந்தன. சட்டைப் பை முழுக்க நீலம். வாத்தியார் என்ன சொல்வாரோ என்று பள்ளிக்கூடத்து வாசலோடு திரும்பியவன்தான், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. மறு மாதம் பட்டறையில் இழைத்துக்கொண்டிருந்தேன். மரம் கேள்வி கேட்காது.

துப்பாக்கிக்காரர்

அந்த ஊரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான். அது என் மாமனாருடையது. வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல். கடலைக் கொல்லையில் பன்றி இறங்கும் காலத்தில், கோழி கூவுவதற்கு முன்பு கொல்லை மேட்டில் நின்று வெறும் மருந்தை வைத்து ஒரு வெடி வெடிப்பார். பன்றி ஓடும். ஊர் எழுந்து பல் துலக்கும். வெடிச் சத்தம் வராத நாளில் பால்காரருக்கு நேரம் தவறிவிடும் என்பார்கள்.

என்னை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பொய் சொல்வானேன். பெண்ணை ஆபீஸ் உத்தியோகக்காரனுக்குக் கொடுக்க வேண்டும் என்று இருந்தார். கீழப்பழுவூரில் ஒரு கல்யாணத்தில் பவுனு என்னைப் பார்த்துவிட்டு, "அந்த மர வேலைக்காரரே போதும்" என்று சொன்னதால்தான் எனக்கு வாழ்வு. அதற்கு அவர், "ஒரு வருஷம் போவட்டும், பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாராம். என்ன பார்ப்பார், எதை வைத்துப் பார்ப்பார் என்று எனக்கு ஒரே கவலை.

விருந்தன்று காலையில் அவர் அந்தத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்ன ஒரே பேச்சு இது:

"திங்கக்கெழம தாலுகா ஆபீஸ்ல கொண்டுபோயி காட்டணும். லைசென்ஸப் புதுப்பிக்கணும். போன தடவ ஒருத்தரு கட்ட ஒடஞ்சதக் கொண்டாந்தாரு. 'இது என்னய்யா, ஊதுகொழலா?'ன்னு வாங்கி உள்ள வெச்சிக்கிட்டானுவ. போனது போனதுதான்."

சாப்பிட்டு முடித்ததும் விருத்தாசலத்தில் தங்கை வீட்டுப் பாகப் பிரிவினை பேசக் கிளம்பிவிட்டார். சனிக்கிழமைதான் திரும்புவார். கிளம்பும்போது துப்பாக்கியைச் சுவரில் இரண்டு முளைக்குச்சிகள் மேல் வைத்துவிட்டு, மருந்துப் பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "இருந்து, சாயங்கால பஸ்ஸுக்குப் போங்க" என்றார்.

அவர் தலை மறைந்த அரை மணி நேரத்தில் நான் ஊதுகுழல் செய்துவிட்டேன்.

பவுனு செய்த உதவி

"மொதல்ல இந்தக் கட்டயக் கண்ணுல படாம பண்ணணும்" என்று பவுனு எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் குழலை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எனக்குள்ளே ஒரு கணக்கு ஓடியது. பயப்பட எவ்வளவோ இருந்தாலும், இது மர வேலை. ஒடிந்த கட்டையைப் பலகை மேல் வைத்து, சுற்றிப் பென்சில் கோடு இழுத்து, அதே மாதிரி ஒன்று வெட்டிவிட்டால் முடிந்தது. மூன்று நாள் இருக்கிறது.

பவுனு மூச்சிரைக்க வந்தாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"இனிமே யாரும் கண்டுபுடிக்க முடியாது."

"எங்க ஒளிச்சி வெச்ச?"

"ஒளிச்சி வெக்கல. அடுப்புல வெச்சிட்டேன். மாட்டுக்குத் தவிடு காயுது, நல்லா எரியிது."

நான் எழுந்து ஓடினேன். அடுப்படியில் எனக்கு முன்பே அத்தை, அதாவது என் மாமியார், குந்தியிருந்தார். கையில் இடுக்கி. இடுக்கி முனையில் சிவக்கச் சிவக்க ஒரு பித்தளைத் தகடு. கட்டையின் அடியில், தோளில் படுகிற இடத்தில் அடித்திருந்த தகடு. மிச்சமெல்லாம் தணல்.

அத்தை தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற மகளைப் பார்த்தார்.

"ஏண்டி, இது எந்த ஊரு வெறவு?"

பவுனுவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஒடிஞ்சது கூடப் பரவால்ல தம்பி. ஒட்டவாச்சும் ஒட்டியிருக்கலாம். மாதிரியையே எரிச்சிட்டாளே, இவளப் பெத்ததுக்கு நான் ஒரு கட்டயப் பெத்திருக்கலாம்."

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். சாயங்கால பஸ் வருகிற நேரம். நான் போய்விட்டால் துப்பாக்கி போய்விடும். நான் இருந்தால் ஆடி போய்விடும். பாவம், அவர் தவித்த தவிப்பு முகத்தில் தெரிந்தது.

"சரி. இருங்க. நீங்க மாட்டுக் கொட்டாயில. அவ அடுப்படியில. நடுவுல நான். படுக்க, எதுத்த வூட்டுப் பெரியவரு கூடப் படுத்துக்குங்க."

தலையை ஆட்டினேன். உள்ளுக்குள்ளே ஒரு வாணவேடிக்கையே நடந்தது. துப்பாக்கியை ஒடித்தவனுக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகாது என்று வேறு பயமாக இருந்தது.

மஞ்சள் கை

மரம் தேடினேன். நேரான பலகையில் வெட்டினால், கை பிடிக்கிற கழுத்தில் மர ரேகை குறுக்கே ஓடும், பழைய கட்டை ஒடிந்ததும் அதனால்தான். வளைவோடு ரேகையும் வளைந்து போகிற மரம் வேண்டும். மாட்டுக் கொட்டாயின் படலுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு பலாக் கவட்டை கண்ணில் பட்டது. ஏதோ ஒரு புயலில் விழுந்த மரத்தின் கிளையாம். வருஷக்கணக்கில் வெயிலும் மாட்டு மூச்சும் பட்டு நன்றாகக் காய்ந்திருந்தது. தட்டினால் கணீரென்றது.

வாய்ச்சியால் மேல்தோலைச் செதுக்கியதும் உள்ளே மஞ்சள். வெட்ட வெட்ட, பழத்தை உரித்தது போல ஒரு வாசனை. மாடு இரண்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

குழல் படுத்துக்கொள்கிற பள்ளத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதில் ஒரு நூல் அளவு இடைவெளி இருந்தாலும் குழல் ஆடும். குழலின் அடியில் கரி பூசி மரத்தில் அழுத்தினால், எங்கெங்கே மேடோ அங்கெல்லாம் கறுப்பு ஒட்டும். அந்த இடத்தை மட்டும் உளியால் சுரண்ட வேண்டும். மறுபடி பூச வேண்டும், மறுபடி சுரண்ட வேண்டும். நூறு தடவை.

விளக்குக் கரி உதிர்ந்து உதிர்ந்து விழுந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பவுனு, தன் மை டப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். கண்மை அழகாகப் பிடித்தது. அவள் விரலால் குழலுக்குத் தீட்டுவாள், நான் அழுத்தி எடுத்துச் சுரண்டுவேன்.

"எனக்குக் கூட இவ்ளோ பாத்துப் பாத்துத் தீட்டுனதில்ல" என்றாள்.

அத்தை மோர் கொண்டுவரும்போது பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்டையின் மேல் குனிந்திருப்போம். "அடுப்படி எங்க இருக்கு?" என்பார். பவுனு எழுந்து போவாள். அத்தை கிணற்றடிக்குப் போனதும் மறுபடி வந்துவிடுவாள்.

புதன்கிழமை மத்தியானம் அத்தை மகளைத் திருப்பி நிறுத்தினார். ரவிக்கையின் முதுகில், அழகாக, ஐந்து விரலும் தெரிய ஒரு மஞ்சள் கை.

பலாத்தூள் அப்படித்தான். ஒட்டினால் ஒட்டியதுதான்.

"இது என்னடி?"

"செவுத்துல சாஞ்சேன்மா."

"நம்ம வூட்டுச் செவுத்துக்கு எப்படி வெரலு மொளச்சிது?"

நான் உளியைத் தீட்டுகிற கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். கல் நனைந்து, தரை நனைந்து, என் வேட்டி நனைந்துவிட்டது. அத்தை திரும்பி நடந்தார். போகும்போது முதுகு குலுங்கியது. சிரித்தாரா, அழுதாரா என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டேன்.

தேங்காய்த் தலை

வியாழக்கிழமை குழல் பள்ளத்தில் கச்சிதமாகப் படுத்துவிட்டது. இனிப் பின்பக்கம்தான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

துப்பாக்கிக் கட்டை என்பது நாற்காலிக் கால் இல்லை. சட்டை மாதிரி, ஆளுக்குத் தகுந்தது. எவ்வளவு நீளம், எவ்வளவு தாழ்வு, கன்னம் எங்கே பதியும் என்பதெல்லாம் தூக்குகிறவரின் உடம்பில் இருக்கிறது. அளவெடுக்க வேண்டிய உடம்போ விருத்தாசலத்தில் பாகம் பிரித்துக்கொண்டிருக்கிறது. மாதிரியோ மாட்டுத் தவிட்டில் வெந்துவிட்டது.

"அத்தை, மாமா தோள் எப்படி இருக்கும்?" என்றேன்.

கேட்ட பிறகுதான் என்ன கேள்வி இது என்று வியர்த்தது. அத்தை முகம் சிவந்துவிட்டது. உள்ளே போனார். திரும்பி வரும்போது மாமாவின் பழைய காக்கிச் சட்டை. வலது தோளில் ஒரு இடம் மட்டும் தேய்ந்து, நாலைந்து தடவை தைத்திருந்தது.

"இங்கதான் இடிக்கும். எப்பவும் கன்னிப்போயே இருக்கும். கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து நான்தான எண்ண தடவுறேன்" என்று அந்த இடத்தில் விரலை வைத்தார்.

அப்புறம் நடந்ததற்கு யார் காரணம் என்று எங்கள் வீட்டில் இன்றும் சண்டை. நான் பவுனு என்பேன். பவுனு அவள் அம்மா என்பாள். சட்டைக்குள் வைக்கோலைத் திணித்தோம். கைக்கு மூங்கில். "அவுரு கை என் கையவிட நாலு விரக்கட நீளம்" என்றார் அத்தை. எப்படித் தெரியும் என்று பவுனு கேட்டதற்கு, "வேலயப் பாருடி" என்று அதட்டினார்.

தலைக்கு முதலில் ஒரு மண் கலயத்தை வைத்தோம். அத்தை ஒப்பவில்லை.

"இவ்ளோ கன்னம் அவுருக்கு ஏது? ஒட்டிப்போயில்ல இருக்கும்."

உரிக்காத தேங்காய் வந்தது. ஒன்று ரொம்ப நீளம். இன்னொன்று மூக்கு கோணல். மூன்றாவதை அத்தை கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதான் அவுரு" என்றார். துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியதும் மூன்று பேரும் ஓர் அடி பின்வாங்கினோம். அப்படியே மாமா. மாடு கூட எழுந்து நின்றது.

வைக்கோல் மாமனாரின் தோளில் கட்டையை வைப்போம். உயரமாக இருந்தால் எடுத்து ஒரு சீவல். மறுபடி வைப்போம். அத்தை தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "இன்னும் சாயணும். அவுரு ஒத்தப் பக்கமாத்தான் சாஞ்சி நிப்பாரு." மறுபடி சீவல். கரடுமுரடைக் கண்ணாடிச் சில்லால் வழித்தேன். சுருள் சுருளாக, தலைமுடி போல மஞ்சள் இழைகள் விழுந்தன. பவுனு அதில் ஒன்றை எடுத்துத் தேங்காய்க்கு மீசை ஒட்டினாள்.

அத்தை இப்போது முழுவதுமாக எங்கள் கட்சி.

வெள்ளிக்கிழமை

சனிக்கிழமை வர வேண்டியவர் வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டார். பாகப் பிரிவினை முந்தின நாளே அடிதடியில் முடிந்துவிட்டதாம்.

அவர் படலைத் திறந்தபோது நாங்கள் பார்க்கவில்லை. அத்தை தேங்காயின் தாடையைப் பிடித்து, "கொஞ்சம் குனிங்க... அட, குனியேன்யா... இருக்கும்போதும் சொன்னத கேக்க மாட்டாரு, இல்லாதப்பவும் கேக்க மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாரு அது?"

குரல் கேட்டுத் திரும்பினோம். வாசலில் குடையும் மஞ்சப்பையுமாக மாமா.

அத்தைக்குக் கை தாடையை விட்டு வரவில்லை. "நீங்கதாங்க" என்றார்.

மாமா குடையைச் சாய்த்து வைத்துவிட்டு வைக்கோல் மனிதரை ஒரு சுற்று சுற்றி வந்தார். தலைப்பாகையைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். வயிற்றில் ஒரு விரலால் குத்திப் பார்த்தார்.

"எனக்கு ஏது இவ்ளோ தொந்தி?"

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம்தான் அவர் கண், வைக்கோல் தோளில் இருந்த துப்பாக்கிக்குப் போனது. கறுப்புக் குழல். அதற்குக் கீழே எண்ணெய் கூடப் படாத பச்சை மஞ்சள் மரம்.

மூன்று நாளாகப் பத்துப் பொய் தயார் செய்து வைத்திருந்தேன். பூனை தட்டிவிட்டது, கரையான் அரித்திருந்தது, இடி விழுந்தது. அத்தனையும் மறந்துபோய், "நான்தான் மாமா. கண்ணாடி முன்னால நின்னு பட்டாளத்தான் மாதிரி திரும்புனேன். நெலக்கால்ல இடிச்சிருச்சி" என்றேன்.

"கட்டய நான்தான்ப்பா எரிச்சேன்" என்றாள் பவுனு.

"நான் இவர ஊருக்கு அனுப்பியிருக்கணும். அனுப்பல" என்றார் அத்தை.

மாமா துப்பாக்கியை எடுத்தார். கழுத்தைப் பிடித்துப் பார்த்தார். கட்டையின் வயிற்றைத் தடவினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரே வீச்சில் தூக்கித் தோளில் வைத்தார். கன்னம் பதிந்தது. கண்ணைத் திறந்தார்.

இறக்கினார். மறுபடி கண்ணை மூடினார், தூக்கினார், திறந்தார்.

மூன்றாவது தடவையும் அதே. எதிர்வீட்டுக் கூரையில் ஒரு காக்கை இருந்தது. குழல் மூன்று தடவையும் நேராக அதன் மேலேயே நின்றதைக் காக்கையும் கவனித்துவிட்டுப் பறந்தது.

"பழசு எனக்கு ஒரு நாளும் ஒத்து வந்ததில்ல" என்றார் மாமா, குழலைப் பார்த்தே. "அது எங்கப்பாரு தோளுக்குச் செஞ்சது. அவுரு குட்ட. நான் வளஞ்சி வளஞ்சி வெச்சிப் பழகிட்டேன். இடிச்சிக்கிட்டே கெடக்கும்."

பழைய கட்டை அடுப்பில் போகாமல் இருந்திருந்தால், நான் அதையே கோடு இழுத்து வெட்டி, செத்துப்போன ஒரு பெரியவரின் தோளுக்கு மறுபடியும் ஒரு துப்பாக்கி செய்து கொடுத்திருப்பேன். பவுனு என்னைப் பார்த்த பார்வை! இன்றைக்கும் வீட்டில் எதையாவது கருக்கிவிட்டால் அதே பார்வை பார்க்கிறாள்.

"அர விரக்கட நீளம்" என்றார் மாமா. "கொறைக்கணும். திங்கக்கெழம ஆபீஸ்ல எதுனாச்சும் கேட்டா பதில் சொல்ல, செஞ்ச ஆளு கூட இருக்கணும். அதுவரைக்கும் இருங்க மாப்ள."

"ஆடி மாசம்ங்க" என்றார் அத்தை, கடமைக்கு.

"தெரியும். ஆடிக் காத்துலதான வந்தேன்."

அரை விரக்கடையைக் குறைக்க ஒரு நல்ல தச்சனுக்குக் கால் மணி நேரம் போதும். நான் சனிக்கிழமை முழுவதும் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு மெதுவாக நான் இழைத்தது என் தொழிலிலேயே அந்த ஒரு தடவைதான். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினால் கரையான் அண்டாது என்றார் அத்தை. "அப்பா கன்னமும் கொப்புளமாப் போயிரும்" என்று பவுனு தடுத்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை தேன்மெழுகை உருக்கி, துணியில் தொட்டு, இரண்டு பேரும் தேய்த்தோம். மஞ்சள் மெல்ல மெல்லப் பொன்னிறத்துக்கு வந்தது. பித்தளைத் தகட்டைப் புளி போட்டு விளக்கிப் பழையபடி அடித்தேன்.

தாலுகா ஆபீஸ்

திங்கட்கிழமை துப்பாக்கியை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். உள்ளே வரச் சொன்னார் மாமா. எனக்கு ஆபீஸ் என்றால் ஆகாது. மேசை, சிவப்பு மை, பேனா. வாசலில் இருந்த புங்க மரத்தடியிலேயே நின்றுகொண்டேன்.

பத்து நிமிஷம் போனது. அரை மணி ஆனது. உள்ளே போன மற்றவர்களெல்லாம் தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். மாமாவைக் காணோம். ஒரு மணி நேரம் ஆனதும் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. மரம் மாறியதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வாங்கி உள்ளே வைத்துவிட்டார்கள். அவரையும் உள்ளே வைத்துவிட்டார்கள். அடுத்தது நான். பவுனுவிடம் யார் போய்ச் சொல்வார்கள்? கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

மாமா வெளியே வந்தார். கையில் வேட்டிச் சுருள் இருந்தது. முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது.

"என்ன மாமா?"

"பாக்கவே இல்ல மாப்ள."

"எத?"

"கட்டய. கொழல்ல இருக்குற நம்பரப் பாத்தான். புத்தகத்தப் பாத்தான். முத்திரயக் குத்திட்டு, அடுத்த ஆளுன்னான். அஞ்சி நிமிசம் ஆவல."

எனக்கு மூச்சு வந்தது. "அப்புறம் ஏன் மாமா இவ்வளவு நேரம்?"

"பாக்காம எப்படி வுடறது?" அவருக்கு இன்னும் கோபம் தணியவில்லை. "மேச மேல வெச்சேன். தடவிப் பாருங்க சார்னேன். நேரமில்லன்னான். நான் நவுரல. பின்னால நாலு பேரு கத்துறாங்க, கத்தட்டும்னு நின்னேன். கடசியா தடவுனான். தடவிட்டு எழுந்து நின்னுட்டான் மாப்ள. பக்கத்து மேசக்காரரக் கூப்புட்டான். அவுரு இன்னொருத்தரக் கூப்புட்டாரு. யாரு செஞ்சதுன்னாங்க. என் மாப்ளன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தருக்கு ஊஞ்சப் பலக வேணுமாம். இன்னொருத்தருக்கு நெலக் கதவாம். ஒடனே அனுப்பி வையிங்கன்னு அட்ரஸ் எழுதிக் குடுத்தாங்க." மடித்த இரண்டு சீட்டை என் சட்டைப் பையில் திணித்தார். துப்பாக்கிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்க ஆரம்பித்தவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"இப்ப ஆவாதுன்னுட்டேன். ஆடி முடியிற வரைக்கும் எங்க வூட்டுலயே அவுருக்கு வேல இருக்குன்னு சொல்லிட்டேன்."